ஊரைக் கலைத்தால் வெளிக்கிட வேண்டுமா?

உள்ளூராட்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் உங்களைக் கொஞ்சம் சீண்டிவிட்டுத் தொடங்குகிறேன். உங்களில் அரைவாசிப்பேர் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவர்கள். எந்த ஊர் என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்காபரோ என்கிறீர்கள். சட்டப்படி அப்படி ஒரு நகரம் இப்போது கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒன்ராறியோ மாகாண அரசு அதையும் பக்கத்து நகரங்களையும் ரொறன்ரோவோடு சேர்த்துவிட்டது. சேர்ப்பதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பான்மையானோர் வேண்டாம் என்றார்கள். அந்தக் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது என்றபடியால் சேர்ப்பு நடந்தது. நகரம் போய்விட்டது, பெயர் உங்கள் வாயில் மட்டும் இருக்கிறது.

என் வேலை அதைவிட மிகச் சின்ன ஊர்களோடு. ஒரு தேவாலயம், ஒரு சமூக மண்டபம், பெற்றோல் அடிக்க ஒரு காஸ் ஸ்ரேசன், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான் ஊர். அங்கே சபைக்குப் போட்டியிட ஆள் கிடைக்காது. தண்ணீர்க் குழாய் உடைந்தால் திருத்த வழி இருக்காது. கடைசியில் ஊரவர்களே கூடி, இந்த ஊராட்சியைக் கலைத்துப் பக்கத்துச் சபையோடு சேர்ந்துவிடலாமா என்று யோசிப்பார்கள். அப்போது விளக்கம் சொல்லவும் வாக்கு எண்ணவும் எங்கள் மாகாண அரசுக் கந்தோரிலிருந்து ஒருவர் போவார். பல வருடங்கள் அந்த ஒருவர் நான்தான். ஸ்காபரோவின் ஓரத்தில், ரூஜில் இருக்கும் என் வீட்டிலிருந்து விடியக் காரை எடுத்தால், தேத்தண்ணி ஆறுவதற்குள் நெடுஞ்சாலை. அதன்பிறகு வயல்.

ஓர் ஊர் தன்னைத்தானே கலைத்துக்கொள்ள முடியுமா என்று போன கிழமை உங்களில் ஒருவர் கேட்டார். முடியும், ஆனால் மாகாணத்துக்கு மாகாணம் வழி வேறு. மேற்கே சில மாகாணங்களில் குடியிருப்பவர்கள் மனுக் கொடுக்கலாம், அரசு ஊரின் நிலையை ஆராயும், பிறகு வாக்கெடுப்பு. ஒன்ராறியோவில் மக்கள் வாக்கு மட்டும் போதாது. ஊர்ச்சபை தீர்மானிக்க வேண்டும், பக்கத்துச் சபையும் ஒத்துக்கொள்ள வேண்டும், மக்களைக் கூட்டிக் கேட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அமைச்சரின் ஆணை. ஆனாலும் நேர்மையான சபைகள் முன்கூட்டியே ஒரு வாக்கெடுப்பு வைத்து, அதில் என்ன வருகிறதோ அதுவே எங்கள் தீர்மானம் என்று அறிவித்துவிடும். கலைந்த ஊரின் சொத்தும் கடனும் புதிய சபைக்குப் போகும். பழைய உபவிதிகள் மாற்றப்படும்வரை செல்லும். இதையெல்லாம் ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம். நான் சொல்ல வந்தது படித்து வராத பகுதியை.

எனக்கு வேலை பழக்கிய மேலதிகாரி ஒரு பெண். கூட்டங்களில் அவர் எப்போதும் பின் வரிசையில்தான் இருப்பார். என் முதற் கூட்டத்தில் வரி, கடன், நிர்வாகச் செலவு என்று அழகாகப் படம் போட்டு விளக்கினேன். மண்டபம் பேசாமல் இருந்தது. முடியும் நேரத்தில் ஒரு கிழவர் எழும்பி, "கல்லறைகள் கிடக்கிற சேமக்காலையில் புல்லை இனி யார் வெட்டுவது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலதிகாரி பின் வரிசையிலிருந்து எழும்பி வந்து, அந்தப் புல்லைப் பற்றி மட்டும் நெடுநேரம் கதைத்தார். யார் வெட்டுவார்கள், எப்போது, வெட்டாவிட்டால் யாரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம். அதற்குப் பிறகுதான் மண்டபம் வாய் திறந்தது. திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "அவருடைய மனைவி அங்கே இருக்கிறார். அவருக்கு ஊர் என்றால் அதுதான். ஆட்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது உன் படத்தில் இருக்காது. இன்னொன்று, நாம் வாக்குச் சேர்க்கப் போகிறவர்கள் இல்லை. எண்ணப் போகிறவர்கள். அதை ஒருநாளும் மறந்துவிடாதே."

இரண்டாவது சொன்னது எவ்வளவு கடினமானது என்று எனக்கு விளங்கியது பல வருடங்களுக்குப் பிறகு, ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில்.

அந்த ஊரின் தண்ணீர்த் தொகுதி பழுதாகிக்கொண்டிருந்தது. கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்ற அறிவித்தல் அடிக்கடி வந்தது. மேயர், பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர், களைத்துப்போயிருந்தார். கலைத்துவிட்டுப் பக்கத்துச் சபையோடு சேர்வதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. வாக்கெடுப்பில் வருவதே முடிவு என்று சபையும் தீர்மானித்துவிட்டது. ஆனால் ஊர் இரண்டாகப் பிரிந்து நின்றது. எதிர்த்தரப்பை நடத்தியவர் காஸ் ஸ்ரேசன்காரி. எங்கள் ஆள், தமிழ்ப்பெண்.

பிலோமினா அக்கா. ஊரில் எல்லோருக்கும் பிலோ. கணவரோடு ஸ்காபரோவில் டோர்செட் பார்க் மாடிக் குடியிருப்பில் வாழ்ந்து, இரண்டு பேரும் இரவு பகலாக வேலை செய்து, இந்த ஸ்ரேசனையும் கடையையும் வாங்கி வந்தவர். கணவர் காலமான பிறகும் போகவில்லை. மகள் அஜக்ஸில். வந்து எங்களோடு இருங்கோ அம்மா என்று மகள் கூப்பிட்டு அலுத்துவிட்டாள். கடைக்கு மேலேதான் வீடு, சமையலறை மட்டும் கடைக்குப் பின்னால். காலையில் கோப்பி குடிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் "வோட் நோ" என்று அவருடைய ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி, பாதி ஊரைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். ஏன் நோ என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

விளக்கக் கூட்டத்துக்கு முதல்நாள் மேயர் என்னைத் தனியே அழைத்தார்.

"பிலோ உங்கள் பாஷைதானே பேசுகிறார்?"

"ஓம்."

"நீங்கள் போய்ப் பேசினால் கேட்பார். அவர் திரும்பினால் மற்றவர்களும் திரும்புவார்கள். தண்ணீர் இல்லாமல் இந்த ஊர் எத்தனை நாளைக்கு? நான் உங்களிடம் பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லுங்கள், அவ்வளவுதான்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அதுதான் ஆபத்து, பிள்ளைகளே. லஞ்சம் தருகிறேன் என்று யாரும் உங்களிடம் வரமாட்டார்கள். நல்ல காரியத்துக்காக ஒரு சின்ன உதவி என்றுதான் வருவார்கள். அது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மேயருக்கு முகம் விழுந்துவிட்டது.

ஆனால் காருக்குக் காஸ் அடித்தாக வேண்டும், ஊரில் இருப்பது ஒரே ஸ்ரேசன். அடித்துவிட்டு உள்ளே போனேன். கதவைத் திறந்ததும் பிலோ அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"தம்பி தமிழோ?"

"ஓம் அக்கா."

"பாத்த உடன விளங்கிச்சு. கந்தோரால வந்த ஆள் நீர்தானே? இரும், தேத்தண்ணி போடுறன். பின்னால வாரும், பிட்டு இருக்கு."

பிட்டின் வாசம் கடைவரைக்கும் வந்தது. பின்னால் போவதா இல்லையா என்று யோசித்தேன்; வேறு நேரமென்றால் யோசித்தே இருக்கமாட்டேன். எங்கள் ஆட்கள் வீட்டில் சாப்பிடாமல் எழும்பி வருவது அவமதிப்பு. ஆனால் ஜன்னலோரத்தில் இரண்டு பேர் கோப்பியோடு இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கந்தோர்க்காரன் பிலோவின் சமையலறைக்குள் போனான் என்றால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரியும். வேலை நேரம் அக்கா என்று சொல்லி, கல்லாவுக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

அப்போதுதான் கடையைப் பார்த்தேன். தட்டுகள் பாதிக்கு மேல் வெறுமை. பாண் இல்லை, பால் இல்லை. பின் கதவுக்குப் பக்கத்தில் பெரிய பயணப்பை ஒன்று, அதன்மேல் துவாயால் பாதி சுற்றிய மாதா படம்.

"என்னக்கா, தட்டெல்லாம் வெறுமையாக் கிடக்கு?"

"இனி ஆருக்கெண்டு வாங்கி அடுக்கிறது? எப்பிடியும் வெளிக்கிடச் சொல்லத்தானே போயினம்."

"ஆர் வெளிக்கிடச் சொல்லுறது?"

"ஊரைக் கலைக்கிறதெண்டால் பிறகென்ன தம்பி? உந்தப் படத்தைப் பாரும்." சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார். அதில் ஊரின் வரைபடம், எல்லையைச் சுற்றிச் சிவப்புக் கோடு, உள்ளே சாம்பல் நிறம். "உப்பிடித்தான் அங்கயும் போட்டவங்கள். எங்கட ஊரைச் சுத்திக் கோடு, உள்ளுக்கு நிறம். உது இனிப் பாதுகாப்பு வலயம் எண்டாங்கள். போட்ட பிறகு ஒருத்தரையும் இருக்க விடேல்லை. விட்டிட்டு வந்த சாமானும் இல்லை, வீடும் இல்லை. இந்தமுறை ஆயத்தமாத்தான் இருக்கிறன். மகளுக்கும் சொல்லிப்போட்டன், அறை ஒண்டைத் துப்பரவாக்கி வை எண்டு."

அவர் இலங்கையின் வடக்குக் கரையில், இராணுவம் எடுத்த அந்த வலயத்துக்குள் போன ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவர். ஒரு பகலுக்குள் வெளிக்கிட்டு, பிறகு முகாம், பிறகு இன்னொரு முகாம், பிறகு கனடா. அரசாங்கம் ஓர் ஊரை வரைபடத்தில் நிறம் தீட்டிக் கலைக்கிறது என்றால், அதன் கருத்து அவருக்கு ஒன்றுதான். வெள்ளைக்காரச் சனம் பயந்துவிடும் என்று அதை யாருக்கும் சொல்லாமல், தனியாகச் சுமந்துகொண்டு போராடியிருக்கிறார்.

இரண்டு வசனம் போதும். ஒருத்தரும் உங்களை வெளிக்கிடச் சொல்லமாட்டினம் அக்கா, வீடும் கடையும் உங்கடதான், பெயர்ப்பலகையும் சபையும்தான் மாறுது. தமிழில் சொன்னால் அந்த நிமிடமே அவருக்கு மூச்சு வரும்.

ஆனால் மேயர் கேட்டதும் அதுதானே. ஜன்னலோரத்தில் இரண்டு சோடிக் கண்கள். இன்றைக்கு நான் அவரோடு விளங்காத பாஷையில் குசுகுசுத்து, நாளைக்கு அவர் மனம் மாறினால், கந்தோர் தன் ஆளை அனுப்பி பிலோவை வளைத்துவிட்டது என்று ஊர் சொல்லும். வாக்கெடுப்பின் மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது. பிலோ அக்காவின் மேலும் இருக்காது. என் நேர்மைக்கு இழுக்கு வருவதை விடுங்கள், அந்தப் பெண் இத்தனை வருடங்களாக அந்த ஊரில் சம்பாதித்த மரியாதை போய்விடும். அதற்காக ஒரு மனுசியை இன்னொரு இரவு அந்தப் பைக்குப் பக்கத்தில் படுக்க விடுவதா? இந்த மாதிரி நேரத்தில் கைநூல் உதவாது.

கடைசியில் நான் செய்தது இது. ஜன்னலோரத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக, உரத்து, ஆங்கிலத்தில் சொன்னேன்: "வாக்கு எப்படி வந்தாலும் யாரும் வீட்டை விட்டோ கடையை விட்டோ போகத் தேவையில்லை. நாளைக்குக் கூட்டத்தில் எல்லோருக்கும் இதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்."

பிலோ அக்காவின் முகம் இறுகிவிட்டது.

"ஏன், தமிழ்ல சொன்னா வாய் வலிக்குமோ?"

"வாக்கு முடியட்டும் அக்கா, விடிய விடியத் தமிழிலயே கதைப்பம். இப்ப எல்லாருக்கும் விளங்கிற பாசையிலதான் நான் கதைக்கவேணும்."

"பெரிய உத்தியோகம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கயும் ஒருத்தன் உப்பிடித்தான் நிண்டு சொன்னவன். ரெண்டு நாளில திரும்பி வரலாமாம். உங்களைப்போலதான், நல்ல வடிவா உடுத்திருந்தவன்."

உரிமையோடு நீர் என்று கூப்பிட்டவர் நீங்கள் என்று மாறியதைக் கவனித்தேன். அந்த மரியாதை எனக்குச் சுட்டது.

அன்றிரவு விடுதி அறையில் என் விளக்கப் படங்களைத் திருப்பிப் பார்த்தேன். முதலாவதே அந்த வரைபடம். அதைத் தூக்கிவிட்டேன். என்ன மாறும் என்று தொடங்கிய இடத்தில், என்ன மாறாது என்று தொடங்கும்படி எல்லாவற்றையும் புரட்டிப்போட்டேன். வீடு உங்களுடையது. காணி உங்களுடையது. தேவாலயம், சேமக்காலை, கடை, பாடசாலை பஸ் எல்லாம் இருந்தபடியே இருக்கும். போவது சபையும் அதன் கையெழுத்தும். இவ்வளவுதான் முதற்பக்கம்.

அடுத்த நாள் பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. அந்த முதற்பக்கத்தை நான் வாசித்து முடித்ததும் பிலோ அக்கா எழும்பினார். ஞாயிற்றுக்கிழமைக்குப் போடுகிற உடுப்போடு வந்திருந்தார். அவருடைய உடைந்த ஆங்கிலத்தில், தன் பழைய ஊரைப் பற்றி, கோடு போட்ட வரைபடத்தைப் பற்றி, வீட்டுச் சாவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டதைப் பற்றி, முதல்முறையாக அந்த ஊர்ச் சனத்துக்குச் சொன்னார். தினமும் அவரிடம் கோப்பி குடித்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்.

"கூடப்பேர் நோ சொன்னால் என்ன நடக்கும்?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதில் என் வாயிலிருந்து வந்தால் அது வடிவாக உடுத்த இன்னொருவனின் வார்த்தை. மேயரைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கள்," என்றேன்.

மேயர் எழும்பினார். அவர் விரும்பாத பதில் அது.

"கூடப்பேர் வேண்டாம் என்றால் கலைக்கமாட்டோம், பிலோ. தண்ணீருக்கு வேறு வழி பார்க்கத்தான் வேண்டும். எனக்கு வழி தெரியாது. ஆனால் கலைக்கமாட்டோம். நீங்கள் எல்லோரும் பார்த்திருக்க நான் சொல்கிறேன்."

"நாங்கள் வேண்டாம் எண்டால், நீங்கள் செய்யமாட்டீங்களோ?" அவர் அதைத் தன்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டார். ஒருவருக்கும் விளங்கவில்லை. நான் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். மேயர் மறுபடியும் தலையசைத்தார். பிலோ அக்கா தன் கதிரையில் அமர்ந்தார்.

அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றி, தெருவில் பனி தள்ளுவதைப் பற்றி, மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கும் என்பதைப் பற்றி மற்றவர்கள் கேட்டார்கள்.

அடுத்த கிழமை வாக்கெடுப்புக்குப் போனபோது பிலோவின் கடையில் பாணும் பாலும் அடுக்கியிருந்ததை வெளியிலிருந்தே பார்த்தேன். எனக்கு அன்றைக்கு அது போதும். கலைப்புக்குச் சாதகமாகச் சில வாக்குகள் கூடுதலாக விழுந்தன. மிக நெருக்கமான முடிவு. ஆனால் யாரும் மறு எண்ணிக்கை கேட்கவில்லை, யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. மேயர் வெளியில் போய்த் தனியாக நின்று அழுதார். தன் ஊரைக் கலைக்கக் கேட்டு வென்ற மனிதர் வேறு என்ன செய்வார்.

பெட்டிகளை முத்திரையிட்டு முடிய பிலோ அக்கா என்னிடம் வந்தார்.

"இப்ப தமிழ்ல கதைக்கலாமோ, உத்தியோகத்தர்?"

"தாராளமா அக்கா."

"நான் என்ன போட்டனான் எண்டு கேக்கமாட்டீரோ?"

நீர் என்ற அழைப்பு திரும்பி வந்துவிட்டது. எனக்கு மனம் லேசாகிவிட்டது. "அதை நான் கேக்கக்கூடாது."

"கேளாட்டிலும் சொல்லுவன். நோ எண்டுதான் போட்டன்."

நான் திகைத்துப்போனேன். "வெளிக்கிடச் சொல்லமாட்டினம் எண்டு விளங்கிச்சுதெல்லோ அக்கா?"

"ஓம், நல்லா விளங்கிச்சு. தண்ணிக்கும் சேர்றதுதான் நல்லம். எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன்?"

மண்டபத்தில் கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அங்க எங்கட ஊரை எடுக்கேக்க எங்களை ஒருத்தரும் கேக்கேல்லை, தம்பி. கேட்டிருந்தா வேண்டாம் எண்டு சொல்லியிருப்பம். அந்த வேண்டாம் இவ்வளவு காலமும் என்னட்டத்தான் கிடந்தது. இஞ்ச கேட்டினம். சொல்லிப்போட்டன்."